பிரசவ அறையில் ஊசியும் கையும்

மூங்கில்துறைப்பட்டில் ஒரு பெண்ணுக்கு நடுராத்திரியில் இடுப்பு வலி எடுத்தால், போவதற்கு இருக்கும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரிலேயே ஆரம்ப சுகாதார நிலையம். தெற்கே சங்கராபுரம் அரசு மருத்துவமனை. சிக்கல் என்றால் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி. இல்லாவிட்டால் தென்பெண்ணையைத் தாண்டித் திருவண்ணாமலை. கூட்டுறவு சர்க்கரை ஆலை அரைவையில் இருக்கும் மாதங்களில் சாலை நெடுகக் கரும்பு டிராக்டர்கள். அவற்றுக்கு நடுவே 108 ஆம்புலன்ஸ் வழி பார்த்துப் போக வேண்டும். மேற்கே கல்வராயன் மலையில், வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களின் பாடு இன்னும் கடினம். வண்டி ஏறாத ஊர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம்.

இவ்வளவு தூரம் கடந்து வார்டுக்குள் வந்து படுத்தவளிடம் பெரும்பாலும் யாரும் வலியைப் பற்றிக் கேட்பதில்லை. கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, பனிக்குடம் உடைந்ததா, குழந்தையின் துடிப்பு எப்படி என்று பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதுதான். வலி மட்டும் அவள் தனியாகப் பட்டுத் தீர்க்க வேண்டிய கணக்காக விடப்படுகிறது. சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1990களில் தமிழ்நாட்டில் தங்கிப் பிரசவங்களை ஆராய்ந்து, 2003இல் அதை நூலாக வெளியிட்டார். வலியைக் கூட்டிப் பிரசவத்தை விரைவுபடுத்தும் ஆக்ஸிடோசின் மருந்து இங்கே தாராளமாகப் புழங்குவதையும், அப்படிக் கூட்டிய வலியைத் தணிக்க மருந்து எதுவும் தரப்படாததையும் அவர் எழுதினார். வலி வந்தால்தான் சக்தி வரும் என்று பெண்களே நம்பியதையும் எழுதினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அதையே சாக்காக வைத்து ஒரு பெண்ணை மணிக்கணக்கில் தனியாகத் துடிக்க விடுவதை ஏற்க முடியாது.

மருந்தில்லாமல் வலியைத் தணிக்க இரண்டு வழிகளைப் பலரும் சொல்கிறார்கள். ஒன்று அக்குபங்சர் ஊசி. இன்னொன்று கூட இருக்கும் பெண்ணின் கை: இடுப்பைப் பிடித்துவிடுவது, ஒத்தடம் கொடுப்பது, விட்டுப் போகாமல் பக்கத்தில் நிற்பது. முதலாவது சீனத்திலிருந்து வந்து ஐரோப்பிய மருத்துவமனைகள் வரை போனது. இரண்டாவது நம் மருத்துவச்சிகளிடமும் அம்மாக்களிடமும் எப்போதும் இருந்தது. இந்த மண்ணில் பிள்ளை பெறப்போகிறவளுக்கு இவற்றில் எது உதவும் என்று பார்ப்பதற்காக இரண்டையும் எதிரெதிரே வைக்கிறேன்.

எபிடியூரலை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் அந்த முறைதான் இருப்பதிலேயே வலுவான வலி நிவாரணம்; கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு மயக்க மருத்துவர் கையருகே இருந்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். அங்கே இன்றைக்கு ராத்திரி என்ன செய்ய முடியும் என்பதுதான் என் கேள்வி.

வலி எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். கர்ப்பப்பை சுருங்கி அதன் வாய் திறக்கும் முதல் கட்டத்தில், வலி நரம்புகள் கீழ் மார்பு, மேல் இடுப்பு மட்டத்தில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. அதனால்தான் வலி அடிவயிற்றில் மட்டும் நிற்காமல் இடுப்பைச் சுற்றி முதுகில் போய் உட்காருகிறது. குழந்தை கீழிறங்கும் இரண்டாம் கட்டத்தில், இடுப்புக்குக் கீழே உள்ள திரிக எலும்பின் துளைகள் வழியாக வரும் நரம்புகள் வலியைச் சுமக்கின்றன. 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாயில் இருப்பதாகவும், தொடுதலும் அழுத்தமும் அந்த வாயிலைப் பாதி சாத்திவிடும் என்றும் ஒரு கோட்பாடு சொன்னார்கள். முட்டி இடித்துக்கொண்டால் உடனே கை போய் அங்கே தேய்க்கிறதே, அதன் காரணத்தை இந்தக் கோட்பாடு விளக்குகிறது. ஊசி, அழுத்தம் இரண்டுமே உடம்பின் சொந்த வலிநிவாரணியான எண்டார்ஃபினைத் தூண்டுவதாகவும் சொல்கிறார்கள். பயம் இதற்கு நேர் எதிரி. பயந்தவளின் உடம்பில் அட்ரினலின் கூடும். கர்ப்பப்பையின் தாளம் கெடும். பிரசவம் இழுத்துக்கொண்டே போகும்.

பிரசவத்தில் ஊசி போடுபவர்கள் அதிகம் தேடும் புள்ளிகள் மூன்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதை. உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே எலும்பை ஒட்டிய இடம். திரிக எலும்பின் இரண்டாம் துளைக்கு மேலே இடுப்பின் அடியில் உள்ள குழி. இந்த மூன்றாவது புள்ளியில் சற்று நிற்க வேண்டும். மருத்துவச்சி வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்திப் பிடிக்கும் இடமும் இதுதான். சீனத்து மருத்துவர்களும் நம் ஊர்ப் பாட்டிகளும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. வலிக்கும் பெண்ணைப் பார்த்து இரு தரப்பும் கை வைத்த இடம் மட்டும் ஒன்றாக இருக்கிறது. நரம்பு வெளியே வரும் இடத்தில்தான் இருவருக்கும் பலன் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஊசி நம் நாட்டுக்கு வந்தது ஒரு மருத்துவரின் கை வழியாக. 1938இல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிஸோடு இருந்த பிஜய் குமார் பாசு, பிற்பாடு மறுபடியும் சீனா சென்று அக்குபங்சரைக் கற்று, 1959இல் கொல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்குத் தனிச் சட்டமே இயற்றியது. மத்திய அரசு 2003இல் இதை மருத்துவர்கள் கையாளும் ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது; 2019இல் தனி முறையாகவும் அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் ஐந்தரை ஆண்டுப் பட்டம் பெற்ற யோகா, இயற்கை மருத்துவர்களின் படிப்பில் அக்குபங்சரும் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் இவர்களுடைய பிரிவு இயங்குகிறது.

பிரசவ வார்டுக்குள் ஊசியைக் கொண்டுபோய் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த நாடுகளில் ஸ்வீடன் முக்கியமானது. அங்கே பல வார்டுகளில் மருத்துவச்சிகளே ஊசி போடப் பயிற்சி பெற்றவர்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் தலைப்பிரசவப் பெண்கள் 303 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கையால் திருகும் ஊசி, இன்னொன்றுக்கு லேசான மின்சாரம் செலுத்திய ஊசி, மூன்றாவதற்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வலி எவ்வளவு என்று கேட்டபோது மூன்று பிரிவிலும் பெண்கள் சொன்ன அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் எபிடியூரல் பெற்றவர்கள் வழக்கமான கவனிப்பில் 70 சதவீதம், கை ஊசியில் 61, மின் ஊசியில் 46. வலி அதே வலிதான். மருந்துக்குப் போனவர்கள் குறைந்தார்கள்.

இது ஒரு ஆய்வின் தற்செயலாக இருக்கலாமே என்று கேட்டால், 28 ஆய்வுகளையும் 3,960 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் உண்மையான ஊசி வலியின் அளவைப் பெரிதாகக் குறைத்துவிடவில்லை. ஆனால் வலியைக் கையாண்ட விதத்தில் பெண்களின் மனநிறைவு கூடியிருக்கலாம். வலிமருந்தின் தேவை குறைந்திருக்கலாம். அதே தொகுப்பில், ஊசி இல்லாமல் அதே புள்ளிகளை விரலால் அழுத்திய ஆய்வுகளில் வலியின் அளவே குறையக்கூடும் என்று தெரிந்தது. சான்றின் உறுதி பலவற்றில் குறைவு என்பதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. பிரிட்டனின் தேசிய வழிகாட்டி நெறி 2014இல் எடுத்த நிலை எனக்கு நியாயமாகப் படுகிறது: மருத்துவமனை தானாக இதை வழங்க வேண்டாம், விரும்பி வரும் பெண்ணைத் தடுக்கவும் வேண்டாம்.

இனி கையின் பக்கம். பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2017இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு ஆராய்ந்தது. 26 ஆய்வுகள், 17 நாடுகள், 15,000க்கு மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குப் பிரசவ நேரம் சராசரியாக 41 நிமிடம் குறைந்தது. சிசேரியனுக்கான வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. வலிமருந்து பெற்றவர்களும் குறைந்தார்கள். ஆனால் கடுமையான வலி இருந்தது என்று பிற்பாடு சொன்னவர்களின் விகிதம் மட்டும் இரு தரப்பிலும் ஒன்றுதான்.

ஊசிக்குக் கிடைத்த முடிவும் துணைக்குக் கிடைத்த முடிவும் இங்கே வந்து ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுமே வலியின் அளவை அதிகம் தொடவில்லை. வலியைத் தாங்கும் பெண்ணைத் தொட்டிருக்கின்றன. ஊசி போட்டவர் சுமார் 40 நிமிடம் அவள் பக்கத்தில் இருக்கிறார், ஒவ்வோர் ஊசியாகத் தொட்டுத் தொட்டுக் கேட்கிறார், முகத்தைப் பார்க்கிறார். ஊசியின் பலனில் ஒரு பங்கு அந்த அருகாமையின் பலனாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அப்படியென்றால் ஊசிக்குள்ளேயே ஒரு கை இருக்கிறது. கைக்குள் ஊசி இருக்க வேண்டிய அவசியமில்லை.

இடுப்பைப் பிடித்துவிடுவதற்குத் தனியாகவும் சான்று உண்டு. முதல் கட்டத்தில் அது வலியைக் குறைக்கக்கூடும் என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பிரசவகாலப் பரிந்துரைகளில், கேட்கும் பெண்ணுக்கு மசாஜும் வெந்நீர் ஒத்தடமும் மூச்சுப் பயிற்சியும் தரலாம் என்று இருக்கிறது. அவள் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றும், சிக்கல் இல்லாதவள் எழுந்து நடக்கவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்கம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் "படுத்தே கெடக்காதம்மா, எழுந்து ரெண்டு நட நட" என்று சொன்னது தவறில்லை.

கைக்குக் கிடைக்கும் புகழில் மருத்துவச்சி செய்த எல்லாவற்றையும் சேர்த்துவிடக் கூடாது. வயிற்றின் மேல் ஏறி அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது ஆபத்து, கர்ப்பப்பை கிழியலாம். வாய் முழுதாகத் திறக்கும் முன் "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்துவது அவளைக் களைப்பாக்கி வைக்கும். வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுப்பதும் வேண்டாம். இடுப்பும் முதுகும் காலும் தோளும் கையின் எல்லை. வயிறு அதற்கு வெளியே.

ஊசியின் எல்லையும் கண்டிப்பானது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமி நீக்கிய ஊசி, போட்டதை எண்ணி எடுப்பவர், உடலமைப்பு படித்தவர் ஆகிய மூன்றும் இல்லாமல் ஊசியைப் பற்றிப் பேசக்கூடாது. கையிலும் கணுக்கால் மேலும் சொன்ன அந்த இரு புள்ளிகளைப் பிரசவ நாளுக்கு முன்பு கர்ப்பிணிக்குத் தூண்டக் கூடாது என்பது அக்குபங்சர் மரபே வைத்த தடை.

இதுவரை சொன்னது வார்டுக்குள் நடப்பது. தமிழ்நாட்டில் அக்குபங்சரும் பிரசவமும் சேர்ந்து செய்தியில் வந்தது வேறு காரணத்துக்காக. ஊசியே இல்லாமல் ஒரு விரலால் தொட்டுச் சிகிச்சை செய்யும் முறை இங்கே அக்குபங்சர் என்ற பெயரில் பரவியிருக்கிறது. அதைக் குறுகிய காலத்தில் கற்றவர்களில் ஒரு சாரார் ஸ்கேன் வேண்டாம், தடுப்பூசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், பிரசவம் வீட்டிலேயே ஆகட்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் அருகே வீட்டுப் பிரசவத்தில் தாயும் சேயும் இறந்தபோது, சிகிச்சை பார்த்ததாக ஓர் அக்குபங்சர்காரர் கைது செய்யப்பட்டார்.

ஸ்வீடனில் ஊசியின் வேலை வேறு. அங்கே அது மருத்துவமனைக்குள், மருத்துவச்சியின் கையில், குழந்தையின் துடிப்பைப் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் நின்ற துணைச் சிகிச்சை. இங்கே சிலர் அதை மருத்துவமனைக்கு மாற்றாக விற்றார்கள். இந்த வித்தியாசத்தை வலியைப் பற்றிய பேச்சுக்குள் மறைக்கவே கூடாது. பிள்ளை பிறந்த பிறகு வரும் ரத்தப்போக்குதான் தாய்மார்களை அதிகம் கொல்கிறது. பிறந்த உடனே போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் அதைத் தடுக்கிறது. மீறினால் ரத்தம் ஏற்ற வேண்டும். எந்தப் புள்ளியைத் தொட்டாலும், எந்தக் கை பிடித்தாலும் அந்த ரத்தம் நிற்காது. மலை மேல் இருப்பவளுக்கு இந்த ஒரு விஷயம் சமவெளிப் பெண்ணைவிடப் பல மடங்கு முக்கியம். அவளிடமிருந்து ரத்த வங்கி அவ்வளவு தொலைவில் இருக்கிறது.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. நாம் பாடுபட்டு எட்டிய இடம் அது. அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். வலிக்குப் பயந்து "ஆபரேஷனே பண்ணிடுங்க டாக்டர்" என்று கேட்கும் குடும்பங்களும் இதில் உண்டு என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. பெண்களை வார்டுக்கு வரவைத்துவிட்டோம். வந்தவளின் வலியைக் கவனிக்கும் வேலை பாக்கி நிற்கிறது. வார்டில் தனியாகத் துடித்தவள் அடுத்த பிள்ளைக்கு "வீட்டிலேயே பாத்துக்கலாம்" என்று சொல்பவரின் பேச்சுக்கு எளிதில் செவி கொடுப்பாள்.

என் தீர்ப்பு கையின் பக்கம். மூங்கில்துறைப்பட்டிலும் வெள்ளிமலையிலும் இன்றைக்கே செய்ய முடிந்தது அதுதான். செலவில்லை, மருந்து வேண்டாம், மின்சாரம் நின்றாலும் நிற்காது. அரசாணையும் அதன் பக்கமே இருக்கிறது. பிரசவத்தின்போது உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்ற திட்டத்தைத் தமிழ்நாடு 2004லேயே கொண்டுவந்தது. மத்திய அரசு 2016இல் நாடு முழுமைக்கும் சொன்னது. கூட இருப்பவர் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக, தொற்று நோய் இல்லாதவராக, சுத்தமான உடையில், கடைசிவரை இருக்கச் சம்மதிப்பவராக இருக்க வேண்டும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. நடைமுறையில் இடமில்லை, திரையில்லை என்று அம்மாவை வராந்தாவிலேயே உட்காரவைப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஒரு திரையும் ஒரு ஸ்டூலும் வாங்கும் செலவில் இது தீர்ந்துவிடும்.

உள்ளே போகும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்காததுதான் அடுத்த குறை. சொல்லிக்கொடுக்க இடம் இருக்கிறது. அங்கன்வாடிகள் வழியாக நடக்கும் சமுதாய வளைகாப்பில் வளையலும் கலவை சாதமும் கொடுக்கும் அதே நாளில், கர்ப்பிணியையும் அவள் அம்மாவையும் நிற்கவைத்துக் கால் மணி நேரம் காட்டிவிடலாம். மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் தேதிக்கு முன்பே வந்து தங்குவதற்காக அரசு வைத்திருக்கும் பிரசவக் காத்திருப்பு அறைகளில் இதற்கு நாள் கணக்கில் நேரம் கிடைக்கும். வார்டே புது ஊராகத் தெரியும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு, தன் பேச்சு பேசும் ஒருத்தி முதுகில் கை வைத்து நிற்பதைவிடப் பெரிய ஆறுதல் இருக்காது.

அக்குபங்சரை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும் யோகா, இயற்கை மருத்துவர்களைப் பிரசவ வார்டுக்குள் அழைத்து, மகப்பேறு மருத்துவரின் கண் பார்வையில், கேட்கும் பெண்களுக்குச் செய்து பார்த்துப் பலனைப் பதிவு செய்யலாம். அவர்களே ஸ்டாஃப் நர்ஸுகளுக்கு அந்த மூன்று புள்ளிகளையும் விரலால் அழுத்தக் கற்றுக்கொடுத்தால், ஊசி போகாத சுகாதார நிலையத்துக்கும் அதன் பலன் போய்ச் சேரும்.

உங்கள் வீட்டில் ஒரு பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், கூட உள்ளே போவது அம்மாவா, மாமியாரா, அக்காவா, அத்தையா என்பதை எட்டாம் மாதத்திலேயே அவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். போகிறவர் இதைத் தெரிந்துகொள்ளட்டும்: வலி ஏறும்போது அவளைக் கட்டிலிலோ சுவரிலோ முன்பக்கம் சாயவைத்து, இடுப்பின் அடியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடியுங்கள்; வலி இறங்கும்போது மெல்ல விடுங்கள். ஒத்தடத் துணியின் சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டில் பாருங்கள். வயிற்றைத் தொடாதீர்கள். திட்டாதீர்கள். வார்டில் வெளியே இருக்கச் சொன்னால், 2004 முதல் இதற்கு அனுமதி உண்டு என்று மரியாதையாகச் சொல்லிக் கேளுங்கள். வலி எடுத்ததும் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, அது வந்து சேரும்வரை இடுப்பைப் பிடித்துவிடுங்கள்.